இலங்கைக் குடிநீர்த் திட்டமும் சிங்கப்பூர் நடுவர் தீர்ப்பாயமும்

வாசகர் கேள்வி:

சென்னையிலுள்ள நடுத்தரக் கட்டுமான நிறுவனம் ஒன்றில் ஒப்பந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். இலங்கையில் ஓர் அரசு நிறுவனத்துக்காக நீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் குழாய்ப்பாதையும் அமைக்க 2019இல் ஒப்பந்தம் செய்தோம். ஃபிடிக் (சர்வதேச ஆலோசனைப் பொறியாளர்கள் கூட்டமைப்பு) வெளியிட்ட 1999ஆம் ஆண்டுச் சிவப்புப் புத்தகம் என்ற மாதிரி ஒப்பந்த நிபந்தனைகள், இலங்கைச் சட்டம், தகராறு எழுந்தால் ஐசிசி (சர்வதேச வர்த்தகச் சபை) விதிகளின்படி சிங்கப்பூரை அமர்விடமாக, அதாவது சட்டப்படியான இடமாக, கொண்ட நடுவர் தீர்ப்பு (ஆர்பிட்ரேஷன்) என்பது ஏற்பாடு. 2022 நெருக்கடியில் எரிபொருளும் இறக்குமதிப் பொருள்களும் கிடைக்காமல் வேலை பதினான்கு மாதம் தள்ளிப்போனது. அப்போதைய பில்கள் மிகத் தாமதமாக வந்தன. கடைசி இரண்டு பில்கள் சான்றளிக்கப்பட்டும் இன்னும் வரவில்லை. எல்லாவற்றுக்கும் 2022 நெருக்கடியையே காரணம் காட்டிக் கால நீட்டிப்பும் கூடுதல் செலவும், ரூபாய் வீழ்ச்சியால் வந்த நட்டமும் கேட்டோம். 28 நாளுக்குள் நோட்டீஸ் தரவில்லை என்று, ஒப்பந்தத்தை நிர்வகிக்க அரசு நிறுவனம் நியமித்த பொறியாளர் மறுத்துவிட்டார். தகராறுகளை முதலில் முடிவு செய்ய வேண்டிய தகராறுத் தீர்வு வாரியம் கடைசிவரை அமைக்கப்படவே இல்லை. வேலையை ஏற்றுக்கொண்டதற்கான ஒப்படைப்புச் சான்று இரண்டு மாதத்துக்கு முன் கைக்கு வந்தது. இப்போது தாமத இழப்பீட்டுக்காக நாங்கள் கொடுத்த வங்கி உத்தரவாதத்தைப் பணமாக்கப் போவதாகச் சொல்கிறார்கள். மொத்தக் கோரிக்கை ஏறத்தாழ 60 லட்சம் டாலர். 28 நாள் விதி இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது, சென்னை உயர் நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்கிறார் எங்கள் வழக்கறிஞர். நேராக ஆர்பிட்ரேஷனுக்கே போய்விடலாமா? ஐசிசி என்பதால் பாரிசுக்குப் போக வேண்டியிருக்குமோ? போனால் பணம் கைக்கு வருமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, நேராகப் போகக் கூடாது என்பதே என் கருத்து. ஆனால் அதைப் பேசுவதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அதற்கான நாள்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் ஒப்பந்தத்தின் 14.10ஆம் உட்பிரிவின்படி, ஒப்படைப்புச் சான்று கிடைத்த 84 நாளுக்குள் பணி நிறைவுக் கணக்கை நீங்கள் பொறியாளரிடம் தர வேண்டும். அதில், முடித்த வேலையின் மதிப்போடு உங்களுக்கு வர வேண்டியவை என்று நீங்கள் கருதும் மற்ற எல்லாத் தொகைகளும் இடம்பெற வேண்டும், 14.14ஆம் உட்பிரிவோ, அந்தக் கணக்கிலும் பின்னர் தரப்போகும் இறுதிக் கணக்கிலும் சேர்க்கப்படாத கோரிக்கைக்கு வேலை கொடுத்தவர் பொறுப்பாக மாட்டார் என்கிறது. இரண்டு மாதம் கழிந்துவிட்டது என்றால் உங்களிடம் மூன்று வாரமும் சில நாள்களுமே மிச்சம். பொறியாளர் ஏற்கெனவே மறுத்த கோரிக்கைகளையும் மறுபடி எழுதிச் சேருங்கள். மறுக்கப்பட்டதைத் திரும்ப எழுதுவதில் என்ன பயன் என்று கணக்குப் பிரிவினர் கேட்பார்கள். அப்படிக் கேட்டு விட்டுவிட்டதாலேயே, நியாயமான கோரிக்கைகள் கடைசிக் கட்டத்தில் வெறும் காகிதக் குறையால் விழுகின்றன. தொகையைத் துல்லியமாகச் சொல்ல முடியாதவற்றுக்கு மதிப்பீடாவது கொடுங்கள். அந்த உட்பிரிவு அதற்கு இடம் தருகிறது.

உங்கள் வழக்கறிஞர் சொன்ன இரண்டையும் நான் ஏற்கவில்லை. உரிமையைக் கோருவதற்கான காலத்தைச் சுருக்கும் ஏற்பாடுகளை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு செல்லாதவை ஆக்குகிறது என்பது உண்மை. இந்திய அரசுத் துறைகளோடு வழக்காடியவர்களுக்கு அது பழகிய ஆயுதம். ஆனால் உங்கள் ஒப்பந்தத்தை ஆள்வது இலங்கைச் சட்டம், ஆகவே அந்தப் பிரிவு இங்கே உதவிக்கு வராது. அதேபோல, வெளிநாட்டு அமர்விடம் கொண்ட நடுவர் ஒப்பந்தம் இருக்கும்போது இங்கே அசல் வழக்குத் தொடுத்தால், எதிர்த்தரப்பு 1996ஆம் ஆண்டு நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தின் 45ஆம் பிரிவைக் காட்டும். நீதிமன்றம் உங்களை நடுவர்களிடமே திருப்பி அனுப்பும். சென்னை உயர் நீதிமன்றத்தால் உங்களுக்கு ஆகக்கூடியது இடைக்காலப் பாதுகாப்பு மட்டுமே. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அமர்விடம் வெளிநாட்டில் இருந்தாலும் 9ஆம் பிரிவின் கீழ் அதைக் கேட்க முடியும். வங்கி உத்தரவாதத்தைப் பற்றிப் பேசும்போது அதற்குத் திரும்ப வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் ஐசிசி என்பதால் பாரிசுக்குப் போக வேண்டியிருக்குமோ என்ற கவலை தெரிந்தது. ஐசிசி என்பது வழக்கை நிர்வகிக்கும் நிறுவனம். அதன் தலைமையகம் பாரிசில் இருக்கிறது, அவ்வளவுதான். அமர்விடம் சிங்கப்பூர் என்பதால் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் இடம் சிங்கப்பூர் நீதிமன்றம் மட்டுமே, அதற்கான காலம் மூன்று மாதம். கொழும்பு நீதிமன்றமோ சென்னை நீதிமன்றமோ அதைச் செய்ய முடியாது. நடுவர்கள் வசதிக்காகக் கொழும்பிலோ காணொளியிலோ சாட்சிகளை விசாரித்தாலும் இந்த நிலை மாறாது. தகராறில் ஒரு தரப்பு அரசு நிறுவனமாக இருக்கும்போது இது மிகப் பெரிய பாதுகாப்பு.

இனி 28 நாள் நோட்டீஸ். 20.1ஆம் உட்பிரிவு கடுமையானது: நிகழ்வை அறிந்த நாளிலிருந்து, அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, 28 நாளுக்குள் நோட்டீஸ் தராவிட்டால் காலமும் கிடையாது, பணமும் கிடையாது. 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்தத் தவறைச் சூழ்நிலை கருதி மன்னிக்க வழி வைத்திருக்கிறார்கள். உங்கள் 1999 பதிப்பில் அப்படி எதுவும் எழுதப்படவில்லை. ஆகவே மன்னிப்பை நம்பாமல், நோட்டீஸ் உண்மையிலேயே தரப்படவில்லையா என்பதைத் தேடிப் பார்க்க வேண்டும். ஜிப்ரால்டர் விமான நிலையச் சுரங்கப்பாதை வழக்கில் 2014இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் இதே உட்பிரிவை ஓரளவு தாராளமாகவே படித்தது. நோட்டீசுக்குக் குறிப்பிட்ட வடிவம் தேவையில்லை, ஆனால் அது எழுத்தில் இருக்க வேண்டும், கோரிக்கை எழுப்பப்படுகிறது என்பது படிப்பவருக்குப் புரிய வேண்டும் என்றது. தாமதம் ஏற்படும் என்று முன்கூட்டியே தெரிந்த நாளிலிருந்துதான் காலத்தை எண்ண வேண்டும் என்பதில்லை, தாமதம் உண்மையில் தொடங்கிய நாளிலிருந்தும் எண்ணலாம் என்றது. சிங்கப்பூரில் அமரும் நடுவர்களை இத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது, ஆனாலும் ஃபிடிக் வழக்குகளில் இதை எடுத்துப் பேசாதவர்கள் குறைவு.

ஆகவே 2022 ஏப்ரல் முதல் டிசம்பர் வரையிலான கடிதங்கள், மின்னஞ்சல்கள், தளக் கூட்டக் குறிப்புகள், மாதாந்திர முன்னேற்ற அறிக்கைகள் அனைத்தையும் நாள் வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் என்ன நிகழ்வு சொல்லப்பட்டிருக்கிறது, காலமோ பணமோ கேட்கப்போகிறோம் என்ற எண்ணம் அதில் வெளிப்படுகிறதா என்று ஒரு பட்டியல் போடுங்கள். டீசல் இல்லாததால் குழாய் பதிக்கும் குழு நின்றுவிட்டது, கால நீட்டிப்பு தேவைப்படும் என்று ஒரு வரி இருந்தாலும் அது வாதத்துக்கு நிற்கும். வேலை மெதுவாக நடக்கிறது என்று மட்டும் எழுதியிருந்தால் நிற்காது. அதை வலிந்து நோட்டீஸ் ஆக்க முயன்றால் மற்ற நல்ல கடிதங்களின் நம்பகத்தன்மையும் கெடும்.

அடுத்தது, என் பார்வையில் உங்கள் வழக்கின் மையம். நீங்கள் எல்லாவற்றையும் '2022 நெருக்கடி' என்ற ஒரே தலைப்பில், கட்டுப்பாட்டை மீறிய சூழ்நிலை (ஃபோர்ஸ் மெஜூர்) என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். அதைப் பிரிக்க வேண்டும், ஏனென்றால் ஒப்பந்தம் ஒவ்வொரு காரணத்துக்கும் வெவ்வேறு பலனைத் தருகிறது. அரசு நடவடிக்கையால் முன்னறிய முடியாத பொருள் தட்டுப்பாடு ஏற்பட்டால் 8.4ஆம் உட்பிரிவு காலம் மட்டும் தரும், பணம் தராது. தாமத இழப்பீட்டிலிருந்து தப்ப அது போதும். 2022 ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று இலங்கை அரசு அறிவித்தது பொதுப் பதிவில் உள்ள செய்தி. அந்த நாள்களின் தாமதத்தை நிரூபிப்பது கடினமல்ல. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வேறு வகை. டெண்டர் தருவதற்கு 28 நாள் முன்பிருந்த சட்டநிலை அதன்பின் மாறி அதனால் செலவு கூடியிருந்தால், 13.7ஆம் உட்பிரிவின் கீழ் காலமும் செலவும் இரண்டுமே கேட்கலாம். உங்கள் வால்வுகளும் பம்புகளும் எந்த வர்த்தமானி (அரசிதழ்) அறிவிப்பால், எந்தத் தேதியில், எத்தனை நாள் துறைமுகத்தில் நின்றன என்பதை அறிவிப்பு எண்ணோடு காட்டுங்கள். 2022 மே மாதக் கலவரமும் ஊரடங்கும் உங்கள் தளத்தை நேரடியாகத் தொட்டிருந்தால், 19ஆம் பிரிவில் கலகம், கொந்தளிப்பு என்ற வகையில் செலவும் கிடைக்கும், ஆனால் அங்கே நோட்டீசுக்கான காலம் 14 நாள்தான்.

எல்லாவற்றிலும் வலுவானது பணம் தராமையைச் சார்ந்த பகுதி. பொறியாளர் பில்லைப் பெற்ற 56 நாளுக்குள் வேலை கொடுத்தவர் பணம் தர வேண்டும். தவறினால், அந்தப் பணம் எந்த நாட்டு நாணயத்தில் உள்ளதோ அந்நாட்டு மத்திய வங்கியின் தள்ளுபடி விகிதத்தோடு மூன்று சதவீதம் கூட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக நிதிச் செலவு தர வேண்டும் என்கிறது 14.8ஆம் உட்பிரிவு, அதற்கு முறையான நோட்டீசோ சான்றோ தேவையில்லை என்று அதே உட்பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது நினைவிருக்கும். ரூபாயில் வர வேண்டிய பில்களுக்கு இந்தத் தொகை நீங்கள் நினைப்பதைவிடப் பெரிதாக இருக்கும், 28 நாள் தடையும் இதன் குறுக்கே வராது. மேலும், பணம் வராதபோது 21 நாள் நோட்டீஸ் கொடுத்து வேலையை நிறுத்தவோ வேகத்தைக் குறைக்கவோ 16.1ஆம் உட்பிரிவு உரிமை தருகிறது. அப்படிச் செய்திருந்தால் காலம், செலவு, லாபம் மூன்றும் சேரும். 2022இல் பணம் வராததால் வேலையைக் குறைக்கிறோம் என்று யாராவது எழுதினார்களா என்று பாருங்கள்.

ரூபாய் வீழ்ச்சியால் ஏற்பட்ட நட்டத்தைத் தனிக் கோரிக்கையாக வைத்திருக்கிறீர்கள். டாலருக்கு 200 அளவில் இருந்த ரூபாய் சில வாரங்களில் 360ஐத் தொட்டதன் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் ரூபாயில் பெறுவதாக நீங்கள் ஒப்புக்கொண்ட பகுதியின் நாணய மாற்று இடரை ஒப்பந்தம் பொதுவாக உங்கள் தோளில்தான் வைத்திருக்கிறது. அதைக் கைவிடுமாறு சொல்வேன். பலவீனமான பெருந்தொகை ஒன்று கோரிக்கையில் இருந்தால் நடுவர்கள் மற்றவற்றையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

இப்போது உங்கள் முதன்மைக் கேள்விக்கு வருகிறேன். தகராறுத் தீர்வு வாரியம் இல்லாததால் 20.8ஆம் உட்பிரிவின்படி நேராக நடுவர் தீர்ப்பாயம் போகலாம் என்பது சிலர் சொல்லும் வழி. வாரியத்தின் பதவிக்காலம் முடிந்தோ வேறு காரணத்தாலோ வாரியம் இல்லாதபோது அப்படிச் செய்யலாம் என்று அது சொல்வதும் உண்மையே. ஆனால் வாரியத்தை அமைக்க முயலவே இல்லாதவருக்கு அந்தக் கதவு திறக்கும் என்று நம்ப முடியாது. சுவிட்சர்லாந்து உச்ச நீதிமன்றம் 2014இல், வாரியப் படி கட்டாயமே, ஆனால் ஓராண்டுக்கும் மேலாக முயன்றும் அதை அமைக்க முடியாத நிலையில் எதிர்த்தரப்பு அதையே காரணம் காட்டித் தப்பிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. இங்கிலாந்து நீதிமன்றமும் அதே ஆண்டில் பீட்டர்பரோ நகராட்சி வழக்கில் வாரியத்தைத் தாண்டக் கூடாது என்றது. சிங்கப்பூரோ இந்த விஷயத்தில் இன்னும் கறாரானது. நடுவர் தீர்ப்புக்கு முந்தைய படிகள் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் அவற்றை அப்படியே நிறைவேற்ற வேண்டும், இல்லாவிட்டால் நடுவர்களுக்கு அதிகாரமே இல்லை என்று அதன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் லுஃப்தான்சா வழக்கில் முடிவு செய்தது. மூன்றாண்டு செலவழித்துப் பெற்ற தீர்ப்பு அந்த ஒரே காரணத்தால் ரத்தாகும் இடரை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

எனவே நாளையே வாரிய உறுப்பினர் ஒருவரை முன்மொழிந்து கடிதம் அனுப்புங்கள். எதிர்த்தரப்பு பதில் சொல்லாவிட்டால், டெண்டர் பின்னிணைப்பில் நியமன அதிகாரி என்று யார் பெயர் உள்ளதோ அவரிடம், பெரும்பாலும் ஃபிடிக் தலைவரிடம், விண்ணப்பியுங்கள். வாரியம் 84 நாளில் முடிவு சொல்ல வேண்டும். முடிவு பிடிக்காதவர் 28 நாளுக்குள் அதிருப்தி நோட்டீஸ் தர வேண்டும். வாரியம் 84 நாளில் முடிவே சொல்லாவிட்டாலும் அதற்கடுத்த 28 நாளுக்குள் நீங்கள் அந்த நோட்டீசைத் தந்தாக வேண்டும், பலர் காத்திருந்து இழப்பது இந்த இடத்தில்தான். பின்பு சமரசத்துக்கான 56 நாள் கழிந்ததும் ஐசிசியில் மனுச் செய்யலாம். இதற்கெல்லாம் ஏழெட்டு மாதம் ஆகும். எழுத்து ஒப்பந்தத்துக்கு இலங்கையில் காலவரம்பு ஆறு ஆண்டு என்பதால், 2022 நிகழ்வுகளுக்கு 2028 நடுப்பகுதிக்கு முன்பே மனு பதிவாகிவிட வேண்டும் என்பதையும் நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

வாரியத்தை வெறும் சடங்காக நினைக்க வேண்டாம். தணிக்கைக்கு அஞ்சும் அரசு அதிகாரி எவரும் சொந்தப் பொறுப்பில் 60 லட்சம் டாலர் கோரிக்கையைச் சமரசம் செய்து கையெழுத்திட மாட்டார். சுயேச்சையான வாரியத்தின் காரணம் சொல்லும் முடிவு கையில் இருந்தால், அதைக் காட்டிப் பணம் ஒதுக்க அவருக்கு வழி கிடைக்கிறது. முடிவு வந்த பிறகும் அவர்கள் பணம் தராவிட்டால் என்ன செய்வது என்பதற்கு இந்தோனேசிய எரிவாயுக் குழாய் வழக்கு நல்ல பாடம். அங்கே 2008 நவம்பரில் வாரியம் ஒப்பந்ததாரருக்கு 1.7 கோடி டாலருக்கு மேல் தரச் சொன்னது. தகராறின் உள்ளடக்கத்தைத் தொடாமல் வாரிய முடிவை மட்டும் இறுதித் தீர்ப்பாக மாற்றிக் கேட்டதால், கிடைத்த முதல் ஐசிசி தீர்ப்பைச் சிங்கப்பூர் நீதிமன்றங்கள் ரத்து செய்தன. ஒப்பந்ததாரர் இரண்டாம் முறை மனுச் செய்து, முழுத் தகராறையும் முன்வைத்து, அது முடியும்வரை வாரியத் தொகையை இடைக்காலமாகத் தரச் சொல்லும் உத்தரவையும் சேர்த்துக் கேட்டார். அதை 2015 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மையாக உறுதி செய்தது. உங்கள் மனுவும் இந்த இரண்டாம் வடிவில் இருக்கட்டும்.

வங்கி உத்தரவாதம் குறித்து உங்களுக்கு இருக்கும் அச்சம் நியாயமானது. 4.2ஆம் உட்பிரிவின்படி அதை நினைத்த நேரத்தில் பணமாக்க முடியாது. தாமத இழப்பீடு கேட்பதானால் வேலை கொடுத்தவர் 2.5ஆம் உட்பிரிவின்படி நோட்டீஸ் தந்து, பொறியாளர் தொகையைத் தீர்மானித்து, அதை நீங்கள் 42 நாளில் தராதிருக்க வேண்டும். தவறாகப் பணமாக்கினால் அதன் இழப்பை அவர் ஈடுசெய்ய வேண்டும். இதை உட்பிரிவு எண்களோடு இன்றே எழுதி அனுப்புங்கள். நீதிமன்றத் தடை என்பது வேறு கதை. அப்பட்டமான மோசடி, ஈடுசெய்ய முடியாத அநீதி ஆகியவற்றுக்கு அப்பால் இந்திய நீதிமன்றங்கள் உத்தரவாதப் பணத்தை நிறுத்துவதில்லை. நடுவர் குழு அமையும் முன்பே இடைக்கால உத்தரவு தரக்கூடிய ஐசிசியின் அவசர நடுவரை நாடலாம், அதற்கு 40,000 டாலர் கட்ட வேண்டும். உத்தரவாதத் தொகை அதற்கு ஈடான அளவு பெரிதா என்று பார்த்து முடிவெடுங்கள். உத்தரவாதத்தின் காலாவதித் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள், ஏனெனில் நீட்டிக்காமை அவர்களுக்குத் தானாகவே பணமாக்கும் உரிமையைத் தந்துவிடும்.

செலவையும் காலத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் ஒப்பந்தம் 2019ஐச் சேர்ந்தது என்பதால் ஐசிசியின் விரைவு நடைமுறை 20 லட்சம் டாலர் வரைதான் தானாகப் பொருந்தும். 60 லட்சத்துக்கு வழக்கமான நடைமுறைதான், இரண்டு முதல் மூன்று ஆண்டு பிடிக்கும் என்று திட்டமிடுங்கள். ஐசிசி தானே வெளியிட்ட ஆய்வுகளின்படி மொத்தச் செலவில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் வழக்கறிஞர்களுக்கும் நிபுணர்களுக்கும்தான் போகிறது. நடுவர் கட்டணமும் நிர்வாகக் கட்டணமும் மிஞ்சிய சிறு பங்கே. ஆகவே செலவைக் குறைக்கும் வழி உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது. தாமத நிபுணர் கையில் மாதந்தோறும் திருத்திய வேலை அட்டவணை, சைட் டைரி, ஆள் வருகை, இயந்திரப் பதிவு, டீசல் பெற்ற ரசீது ஆகியவற்றை ஒழுங்காகக் கொடுத்தால் அவருடைய வேலை பாதியாகக் குறையும். அன்று தளத்தில் இருந்த பொறியாளர்கள் வளைகுடாவுக்கோ வேறு நிறுவனங்களுக்கோ போயிருப்பார்கள். நினைவு மங்குவதற்கு முன் அவர்களிடம் எழுத்து வாக்குமூலம் வாங்கிவிடுங்கள். பணம் நெருக்கடியாக இருந்தால், சர்வதேச நடுவர் வழக்குகளுக்கு மூன்றாம் தரப்பு நிதியுதவியை (வழக்கில் சேராத ஒருவர் செலவை ஏற்று, வெற்றியில் பங்கு பெறுவது) சிங்கப்பூர் 2017 முதல் அனுமதிக்கிறது என்பதையும் மனத்தில் வைக்கலாம். நடுவரை நியமிக்கும்போது ஃபிடிக் அறிந்தவராகவும் வேலை அட்டவணையைத் தானே படிக்கத் தெரிந்தவராகவும் பாருங்கள். பெரிய பெயரைவிட அது பயன்படும்.

பணம் வருமா என்ற கடைசிக் கேள்விக்கு, வரும் என்று நம்ப நியாயமான காரணம் உண்டு. மாலைத்தீவு விமான நிலைய ஒப்பந்தம் 2012இல் முறிக்கப்பட்டபோது இந்திய நிறுவனமான ஜிஎம்ஆர் சிங்கப்பூரில் நடுவர் தீர்ப்புக்குப் போனது. 2014இல் பொறுப்பு முடிவானது, 2016இல் சுமார் 27 கோடி டாலர் தீர்ப்பானது, அதே ஆண்டு மாலைத்தீவு அரசு பணத்தைத் தந்தது. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை நாடுகள் ஏற்று நிறைவேற்றுவதற்கான நியூயார்க் உடன்படிக்கையை இலங்கை 1962இலேயே ஏற்றது. அதன் 1995ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டம் வெளிநாட்டுத் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்ற வழி செய்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு கண்டிப்பான கெடு உள்ளது: தீர்ப்பு அளிக்கப்பட்டு 14 நாள் கழிந்ததிலிருந்து ஓராண்டுக்குள் உயர் நீதிமன்றத்தில் நிறைவேற்ற மனுக் கொடுக்க வேண்டும். இந்தியாவில் வெளிநாட்டுத் தீர்ப்புக்கு மூன்றாண்டு உண்டு என்ற பழக்கத்தில் இருந்தால் இதைத் தவறவிட நேரும். ஆகவே கொழும்பில் நடுவர் தீர்ப்பு வழக்குகளில் அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞரைத் தீர்ப்பு வந்த பிறகு தேடாமல், வாரியத்துக்குக் கோரிக்கை அனுப்பும் கட்டத்திலேயே அமர்த்திக்கொள்ளுங்கள். இலங்கைச் சட்டத்தின்படி 28 நாள் விதியை எப்படி எதிர்கொள்வது என்பதற்கும் முதலில் உங்களுக்குத் தேவைப்படும் கருத்து அவருடையதுதான்.